ஸ்கொலாஸ்டிகாவுக்குப் பிடித்த உணவு

லுகாயா
9 அக்டோபர் 2002

ஸ்கொலாஸ்டிகா,

வழக்கமாக 'அன்பு மகளுக்கு' என்று தொடங்குவேன். இன்று அப்படித் தொடங்கவில்லை. கவனித்திருப்பாய்.

நேற்றுக் காலை செம்பூயா வாத்தியார் என் மருந்துக்கடைக்கு வந்தார். இருமல் மருந்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து பாட்டிலை எடுத்து வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மசாக்காவில் புதிதாக ஓர் இன்டர்நெட் கடை திறந்திருக்கிறார்களாம். அங்கே உன் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பார்த்து, அச்செடுத்துக் கொண்டு வந்திருக்கிறார்.

"கலிபாலா, உம்ம பொண்ணப் பத்தி உலகம் பூரா போட்டிருக்காங்கய்யா!" என்றார்.

கடை நிறைய ஆட்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மாஸ்டர், சத்தமா வாசிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றேன். அந்தச் சொல்லுக்காக என் நாக்கை இன்னும் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வாசித்தார். "நாகஜுபி ஸ்கொலாஸ்டிகா. பூச்சியியல் துறை, முனைவர் பட்ட மாணவி. ஆய்வு ஆர்வம்: மழைக்கால வெட்டுக்கிளிகளின் நிறம், தீவனம், வலசை." எல்லோரும் தலையாட்டினார்கள். "சொந்த விருப்பங்கள். பிடித்த நிறம்: வெட்டுக்கிளிச் சிறகின் பச்சை." அதற்கும் தலையாட்டினார்கள். "பிடித்த உணவு: வெட்டுக்கிளி. அதன் கொழுப்பிலேயே வெங்காயம் போட்டு வறுத்தது."

அதற்குப் பிறகு யாரும் தலையை ஆட்டவில்லை. பனடால் மாத்திரை கேட்டு நின்ற பெண்மணி பனடாலை மறந்துவிட்டாள்.

நாம் வெட்டுக்கிளிக் குலம். மற்றக் குலத்தான் தின்னட்டும், கூடை கூடையாக வறுத்துத் தின்னட்டும், நமக்கென்ன? மீன் குலத்தான் தன் மீனைத் தொடமாட்டான், மான் குலத்தான் தன் மானைத் தொடமாட்டான், நாம் இதைத் தொடமாட்டோம். இந்த உலகத்தில் தின்பதற்கு எத்தனையோ இருக்கிறது. நமக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. தேடிப் பிடித்து அதைத்தானா உனக்குப் பிடிக்க வேண்டும்?

அடுத்த மாதம் நம் குலத்தின் லுகாயாக் கிளைக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நானும் சலோங்கோவும் போட்டி. அவனுக்குள்ள ஒரே தகுதி இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பன் என்பது. அதையும் பெற்றது அவன் மனைவி. அப்படிப்பட்டவன் நேற்றுச் சாயங்காலம் என் கடை வாசலில் நின்று, "என்ன கலிபாலா, வீட்ல எல்லாரும் நல்லா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கும்படி உன் அத்தை பெத்ரோனிலா சொன்னாள். மாட்டேன். இந்தக் கறை போகும்வரை உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று கடையிலேயே சொல்லிவிட்டேன். எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். கம்பாலாவுக்கு டாக்ஸி ஓட்டும் கசோசியிடம் பதிலைக் கொடுத்தனுப்பு.

அந்தத் தாளின் கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது. 'பிடித்த மனிதர்: அப்பா, பேசாமல் இருக்கும்போது.' இதற்கு என்ன அர்த்தம்?

இன்னும் உன் தகப்பனாகவே இருக்கும்,
ஜெர்வாஸ் கலிபாலா

---

கம்பாலா
14 அக்டோபர் 2002

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

முழந்தாளிட்டு வணங்கி எழுதுகிறேன். சும்மா எழுத்துக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே முழந்தாளிட்டிருக்கிறேன். என் அறையில் இருந்த ஒரே நாற்காலியைப் பக்கத்து அறைக்காரி இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தை சுகமா? காப்பிச் செடி பூத்துவிட்டதா? மழை உண்டா? இங்கே நல்ல மழை. ஆய்வுக்கூடம் ஒழுகுகிறது. வெட்டுக்கிளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேராசிரியையின் தலைமேல்தான் ஒழுகுகிறது.

நீங்கள் எழுதிய விஷயம். துறைச் செயலர் திருமதி அதோங் எங்கள் எல்லோரிடமும் விருப்பங்களைக் கேட்டு வாங்கினார். "வெளிநாட்டுக்காரன் நிதி குடுக்கணும்னா நீங்களும் மனுஷங்கன்னு அவனுக்குத் தெரியணும்டி. பிடிச்சது பிடிக்காததெல்லாம் எழுதிக் குடுங்க" என்றார். என் பெயருக்கு அடுத்த பெயர் ஒபோத். தொரோரோக்காரன், என் கூட வேலை செய்கிறவன். அவன் குலத்தில் இந்தத் தடை எதுவும் கிடையாது. தட்டச்சு செய்யும்போது அவன் உணவு என் கட்டத்தில் வந்து விழுந்திருக்கலாம். கணினியில் அப்படி நடப்பதுண்டு என்று சொல்கிறார்கள்.

அப்பா, நவம்பரில் வெட்டுக்கிளி இறங்கும்போது நான் லுகாயாவில் இருந்தாக வேண்டும். இரவில் விளக்கேற்றி, வெட்டுக்கிளி மோதி விழத் தகரம் நிறுத்திப் பொறி வைப்பவர்களிடம் எனக்காகப் பேசிவைப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். இந்தப் பருவத்தை விட்டால் என் ஆய்வு அடுத்த மழைக்குத்தான் நகரும். நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். நான் சொன்னால் "தகரத்தைத் தொடாதே, பொண்ணே, ஓடிப்போ" என்பார்கள்.

அந்தக் கடைசி வரிக்கான பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஸ்கொலாஸ்டிகா

---

லுகாயா
20 அக்டோபர் 2002

ஸ்கொலாஸ்டிகா,

'விழுந்திருக்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். 'விழுந்தது' என்று எழுதவில்லை. மருந்துக்கடைக்காரனின் மகள் நீ. 'குணமாகலாம்' என்பதற்கும் 'குணமாகும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என்னிடம் மறைக்க முடியாது.

கடையைப் பூட்டிவிட்டு மசாக்காவுக்கே போனேன். இன்டர்நெட் கடையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்கணும் ஐயா?"

"என் மகளை."

ஒரு நிமிடம் பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்ன பிறகு தேடி எடுத்துக் கொடுத்தாள். வாத்தியார் அச்செடுத்த தாளில் படம் கறுப்பாக விழுந்திருந்தது. இங்கே வண்ணத்தில் பார்த்தேன். படத்தில் நீ சிரிக்கிறாய். கையில் தட்டு. தட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இதுவும் ஒபோத்தின் கையிலிருந்து உன் கையில் விழுந்துவிட்டதா?

சரி, அந்த ஒபோத்தையும் பார்த்துவிடுவோம் என்று அவன் பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். பிடித்த உணவு: கேழ்வரகுக் களியும் எள்ளுச் சாறும். எவ்வளவு கண்ணியமான பிள்ளை! அவன் உணவு அவன் கட்டத்திலேயே பத்திரமாக இருக்கிறது.

"அம்மா, இந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிரு" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"என்னால அழிக்க முடியாது ஐயா. அது இங்க இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"எல்லா இடத்துலயும் இருக்கு."

இப்படி ஒரு பதிலை இதற்கு முன் ஞானோபதேச வகுப்பில்தான் கேட்டிருக்கிறேன். அது கடவுளைப் பற்றி. இப்போது என் மகள் வெட்டுக்கிளி தின்பதும் எங்கும் நிறைந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க காலத்துல எந்தக் குலத்துப் பொம்பளையும் அதத் தின்ன மாட்டா. பிடிச்சுப் புருஷனுக்குக் குடுப்பா, அவன் ஒரு புது கோமெசி வாங்கிக் குடுப்பான். இவ உடுப்பும் கேக்கல, புருஷனும் கேக்கல, நேரா தட்டுல கைய வெச்சுட்டா" என்கிறாள். உனக்கு உடம்பெல்லாம் தடித்துப் பல் ஆடும் என்றும் சொல்கிறாள். ஆடுகிறதா?

இனிச் சுற்றி வளைக்காதே. தின்றாயா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் வேண்டும். அது வரும்வரை பொறிக்காரர்களிடம் பேசமாட்டேன். பேசாதது மட்டுமில்லை, உன்னைத் தகரத்தின் பக்கமே விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெர்வாஸ் கலிபாலா

---

கம்பாலா
26 அக்டோபர் 2002

அப்பா,

தின்றேன்.

ஒரு சொல்லில் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். மற்றதைப் படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்.

பல் ஆடவில்லை. தடிப்பும் இல்லை. அத்தையிடம் சொல்லுங்கள்.

என் ஆய்வில் ஒரு பகுதி தீவனத்தைப் பற்றியது. வெவ்வேறு புல்லைக் கொடுத்து வளர்த்தால் வெட்டுக்கிளியின் சுவை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பண்ணை வைத்து வளர்க்க முடிந்தால் வருடம் முழுவதும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்துணவு கிடைக்கும் என்பது பேராசிரியை துமுசீமேயின் கனவு. சுவை பார்க்க ஒபோத்தை வைத்தோம். எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்பான். தினைப்புல் தின்றதைக் கொடுத்தோம், "நல்லாருக்கு." கோரை தின்றதைக் கொடுத்தோம், "நல்லாருக்கு." உப்புப் போட மறந்ததைக் கொடுத்தோம், அதற்கும் அதே பதில். இதை வைத்துக்கொண்டு ஆய்வேட்டில் என்ன எழுத முடியும்?

அதனால் ஒருநாள் ஒன்றே ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். வேலைக்காகத்தான். இரண்டாவதும் வேலைக்காக. அதற்குப் பிறகு தின்றதை வேலைக்கணக்கில் சேர்க்க முடியாது. அப்பா, கடித்தவுடன் மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே வெண்ணெய் மாதிரி கரைந்து, கடைசியில் நாக்கில் நிற்கும் வேர்க்கடலை மணம்... சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

பச்சை நிறத்தவற்றை இனப்பெருக்கத்துக்காகத் தனியாக வைத்திருக்கிறோம். வறுப்பதெல்லாம் பழுப்பு நிறத்தவைதான்.

அந்த வரியை நானேதான் எழுதிக் கொடுத்தேன். இன்டர்நெட் என்றால் அமெரிக்காவில்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். செம்பூயா வாத்தியார் பார்ப்பார் என்று யார் நினைத்தது? மாற்றச் சொல்லித் திருமதி அதோங்கிடம் கெஞ்சினேன். அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்த பையன் கடவுச்சொல்லோடு நார்வேக்குப் படிக்கப் போய்விட்டானாம். "அவன் டாக்டர் பட்டம் வாங்கிட்டு வர்ற வரைக்கும் உனக்கு இதுதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

பேசாமல் இருக்கும் அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேல்நிலைத் தேர்வில் கணக்கில் தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தேனே, அன்று எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். நீங்கள் ஒரு கூடை வேர்க்கடலையை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தீர்கள். நானும் உரித்தேன். கூடை தீரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் நினைத்து எழுதினேன். மற்ற நேரங்களில் பிடிக்காது என்று எழுதவில்லையே.

கோபத்திலும் என் அப்பாவாக இருப்பவருக்கு,
ஸ்கொலாஸ்டிகா

---

லுகாயா
2 நவம்பர் 2002

அன்பு மகளுக்கு,

பழுப்பா?

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கக் கூடாதா! பல்கலைக்கழகத்தில் எதை முதலில் சொல்ல வேண்டும், எதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதில்லையா?

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன் (வேர்க்கடலை மணம் என்ற இடத்தை விட்டுவிட்டேன். உன் அம்மாவுக்கு வாசிக்கும்போது வேர்க்கடலைக் கூடையை விட்டுவிட்டேன், அவள் அழுதுவிடுவாள்). 'பழுப்பு' என்ற சொல் வந்ததும் அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே! நம்ம சொந்தம் பச்சைதானே? பழுப்பு எங்கிருந்தோ வந்தது. அது வேற ஜாதி!"

நான் உடனே மூத்தவர்களிடம் ஓடினேன். கேட்டால் பலருக்கும் அந்த எண்ணம்தான். குலத்துக்குப் பெயர் கொடுத்தது பச்சை வெட்டுக்கிளி, பழுப்பு அதன் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறொன்று என்கிறார்கள். சிலர் மறுக்கிறார்கள். கடைசியில், இந்த மாதம் கூடும் கிளைக் கூட்டத்தில் முதலில் இதைத் தீர்த்துவிட்டுத்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. யார் தீர்ப்பது? நாட்டிலேயே இதைப் படித்தவள் நீதான். ஆகவே உன்னிடமே எழுதிக் கேட்பதாக முடிவு.

சலோங்கோகூட மறுப்புச் சொல்லவில்லை. "படிச்ச புள்ள, அது சொல்லட்டும். எனக்கும் பழுப்பு வேறன்னுதான் எப்பவும் தோணும்" என்றான். இவ்வளவு பெருந்தன்மை அவனிடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனிதனைத் தப்பாக எடைபோட்டுவிட்டேனோ என்னவோ.

ஆகவே மகளே, துறை முத்திரை குத்திய தாளில் நீ ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: 'பழுப்பு வேறு இனம்.' உன் பெயரின் கறை போய்விடும், என் பெயரின் கறையும் போய்விடும். கூட்டத்தில் நானே எழுந்து வாசிப்பேன். பொறிக்காரர்களிடம் நேற்றே பேசிவிட்டேன். உனக்கென்று ஒரு முழு வரிசைத் தகரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வரி. மறந்துவிடாதே.

அன்புத் தகப்பன்,
ஜெர்வாஸ் கலிபாலா

---

கம்பாலா
9 நவம்பர் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த உறையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இது உங்களுக்கு. முத்திரை குத்திய மற்றது மூத்தவர்களுக்கு.

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

அப்பா, பழுப்பும் பச்சையும் ஒன்றுதான். ஒரு தாயைத் தனிக்கூண்டில் வைத்தேன். அவள் இட்ட முட்டைகளிலிருந்து பச்சையும் வந்தது, பழுப்பும் வந்தது. ஊதாக் கோடு போட்டதும் வந்தது. வேறு வேறு தாய்களை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒரே வீட்டில் ஒருத்தி கறுப்பாகவும் ஒருத்தி சிவப்பாகவும் பிறப்பதில்லையா, அப்படித்தான் இதுவும். அப்படியானால் நான் தின்றது நம் சொந்தத்தைத்தான்.

ஒரே ஒரு வரிதானே என்று கேட்கிறீர்கள். என் ஆய்வு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. அதை மாற்றி எழுதினால், இத்தனை வருடம் கூண்டு கழுவியதற்கும் புல் அறுத்ததற்கும் ஒழுகும் கூரைக்குக் கீழே தூங்கியதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். ஒபோத்திடம் சொன்னேன். "லுகாயாக்காரங்களுக்கு மட்டும்தானே, எழுதிக் குடுத்துரு, யாரு பாக்கப்போறா?" என்றான். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதித்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்றேன்.

மலேரியா மாத்திரை ஒரு பெட்டி காலாவதியான அன்று, பாதி விலைக்குக் கேட்டு வந்தவரை நீங்கள் கடை வாசல்வரை விரட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த வரியைக் கேட்டதற்காக உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நான் யார் பிள்ளை என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூத்தவர்களுக்கான தாளில் உண்மையை அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் கூட்டத்தில் எழுந்து வாசிக்கப்போவது நீங்கள். இடையில் உங்களுக்கு இருமல் வந்தாலோ, மூக்குக்கண்ணாடி நழுவினாலோ, ஒரு வரி விட்டுப்போனாலோ, கம்பாலாவில் இருக்கும் நான் என்ன செய்ய முடியும்? தலைவர் பதவி உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். நீங்கள் எப்படி வாசித்தாலும் நான் கேள்வி கேட்கமாட்டேன்.

ஸ்கொலாஸ்டிகா

---

லுகாயா
25 நவம்பர் 2002

அன்பு மகளுக்கு,

கூட்டம் முடிந்து வந்து காலைக்கூடக் கழுவாமல் எழுதுகிறேன். உன் அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருமிச் சமாளித்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். வீட்டில் இருமிக்கூடப் பார்த்துக்கொண்டேன். நல்ல இருமலாகவே வந்தது. வெள்ளைக் கன்சு அங்கி போட்டு, மேலே கோட்டுப் போட்டு, கூட்டத்தின் நடுவில் நின்று உன் தாளைப் பிரித்தேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை, "வாசிண்ணே, தைரியமா வாசி" என்றாள். பாவம், அவளுக்கு நீ எழுதியது தெரியாது.

வாசித்துக்கொண்டே போனேன். கூண்டு, தாய், முட்டை எல்லாம் வந்தது. 'ஆகவே' என்ற சொல் வந்தது. அங்கேதான் நான் இரும வேண்டும். தாளைப் பார்த்தேன். நீ அந்த வரியை எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறாய் என்றால், தாளின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. இருமல் வரவில்லை. வரவழைக்கவும் மனம் வரவில்லை. "ஆகவே பழுப்பும் பச்சையும் ஒரே இனம்" என்று வாசித்துவிட்டேன். "நான் தின்றது என் குலத்தின் சொந்தத்தையே" என்ற அடுத்த வரியையும் வாசித்தேன். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உடைந்தது. அது சளி.

எல்லாம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று தாளை மடித்தேன். அப்போதுதான் கவனித்தேன், யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் சலோங்கோவைப் பார்த்தார்கள். அவன் முகம் தோலுரித்து வேகவைக்காத மத்தோக்கே வாழைக்காய் மாதிரி வெளிறிப்போயிருந்தது.

"கலிபாலா," என்றான் மெதுவாக, "அந்த... பழுப்பு... எல்லாப் பழுப்புமா?"

"எல்லாப் பழுப்பும்தான்."

"கொஞ்சம் சாம்பல் கலந்தாப்பல இருக்குமே, அது?"

"அதுவும்தான்."

அவன் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டு வர்றேன், வேணாம்யா வேணாம்யான்னு! 'பச்சையப் பொறுக்கிப் போட்டுட்டுப் பழுப்ப வறுடி'ன்னு உசுர வாங்குவாரு. ஒவ்வொரு மழைக்கும் உக்காந்து பொறுக்கிப் பொறுக்கி என் கண்ணே போச்சு!" என்றாள்.

சிரிப்புக் கிளம்பியது, ஆனால் கிளம்பிய வேகத்திலேயே அடங்கிவிட்டது. ஏனென்றால் சிரித்தவர்களும் பொறுக்கித் தின்றவர்கள்தான். ஒருவர் தன் பாயைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். பெரியவர் கிசிட்டு எழுந்து, "ஐயா, கணக்குச் சுருக்கமா முடியட்டும். பச்சையோ பழுப்போ ரெண்டையும் தொடாதவங்க மட்டும் கையத் தூக்குங்க" என்றார்.

நான் தூக்கினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது வறுபடும் கொழுப்பு வாசனை ஆகாது என்பது உனக்குத் தெரியும். இதில் என் பக்தி ஒன்றுமில்லை. வேறு யார் தூக்கினார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மூலையிலிருந்த காது கேட்காத தாத்தா ஒருவர் தூக்கியிருந்தார். அவரிடம் போய்க் காதில் கத்திக் கேட்டார்கள். வாழைச்சாறு இன்னும் வேண்டுமா என்று கேட்கிறோம் என்று நினைத்திருக்கிறார்.

ஆக நான்தான் கிளைத் தலைவர். கை தட்டினார்கள். சலோங்கோதான் முதலில் தட்டினான். வேகமாகப் பேச்சை மாற்ற வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

தெரியாமல் தின்றவர்கள் எல்லோருக்கும் மன்னிப்பு என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். இவ்வளவு ஒருமனதாக இந்தக் கிளை இதுவரை எதையும் தீர்மானித்ததில்லை. இனிமேல் எந்த நிறமும் கூடாது. இன்னொரு தீர்மானமும் உண்டு: உன் ஆய்வேடு மிக உயர்ந்தது, கிளை அதைப் பாராட்டுகிறது, ஆனால் அது ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், மற்றக் கிளைகளுக்குத் தெரியும்படி யாரும் அதை லுகாண்டாவில் எழுத வேண்டாம்.

அப்புறம் அத்தை எழுந்தாள். "எல்லாரும் தெரியாமத் தின்னாங்க, சரி. நம்ம பொண்ணு தெரிஞ்சே தின்னுச்சே. அதுக்கு என்ன தீர்ப்பு, தலைவரே?" என்றாள். என் சொந்தத் தங்கை! பதவியில் உட்கார்ந்து முதல் மூச்சுக்கூட விடவில்லை, முதல் வழக்கு என் வீட்டு வழக்கு.

யோசித்தேன். ஒரு பக்கம் கிளை, ஒரு பக்கம் ஒழுகும் கூரைக்குக் கீழே நீ. கடைசியில் இப்படித் தீர்ப்புச் சொன்னேன்: "சுவை பாக்குறது அவ படிப்புல ஒரு வேலை. வேலையப் பாதியில நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல. பட்டம் வாங்குற வரைக்கும் ஆய்வுக்கூடத்துல மட்டும் அவ தின்னலாம். பட்டம் கையில வந்த அன்னிலேருந்து எந்தக் காலத்துக்கும் தொடக்கூடாது." எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே மகளே, சீக்கிரம் எழுதி முடி. அடுத்த பட்டமளிப்புக்கே நான் கன்சுவைத் தேய்த்து வைத்துவிடுவேன். வெட்டுக்கிளி இறங்கத் தொடங்கிவிட்டது. உன் தகர வரிசை காத்திருக்கிறது. வா. வரும்போது வாசலிலிருந்தே சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு வா, எல்லோருக்கும் கேட்கட்டும்.

அன்புத் தகப்பனும் கிளைத் தலைவருமான,
ஜெர்வாஸ் கலிபாலா

---

கம்பாலா
13 டிசம்பர் 2002

கிளைத் தலைவரும் என் அப்பாவுமானவருக்கு,

லுகாயாவிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். டாக்ஸியில் என் சாக்குகளிலிருந்து பாதி ஆய்வு தப்பித்துப் பயணிகள் தலையில் உட்கார்ந்துவிட்டது. கசோசி வண்டியை ஓரமாக நிறுத்தி, "எல்லாரும் அவங்கவங்க தலையில இருக்கிறத இந்த அக்காகிட்ட ஒப்படைங்க" என்றார். ஒரு பெரியம்மா மட்டும் ஒப்படைக்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டார். மீன் குலமாம், கேள்வி கேட்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தைப் பேராசிரியைக்கு வாசித்துக் காட்டினேன். அந்த 'ஆகவே' வந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூரை ஒழுகியதால் என்று சொன்னார். அன்றைக்கு மழையே இல்லை. எத்தனையோ கருத்தரங்கில் என் முடிவுகளை வாசித்திருக்கிறேன் அப்பா. எனக்காக யாரும் இவ்வளவு பயந்துகொண்டு வாசித்ததில்லை. நன்றி. நேரில் வந்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை.

சலோங்கோ மாமா என்னைப் பொறிக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டு, ஊதாக் கோடு போட்டதும் நம் சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொண்டுவந்திருந்த காலிச் சாக்கை மெதுவாக மடித்தார். மனசு கேட்கவில்லை. ஈசல் எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லை, வறுத்தால் ஏறக்குறைய இதே சுவைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தீர்ப்பின்படி நடக்கிறேன். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. உள்ளே, தினைப்புல் தின்றதற்கும் கோரை தின்றதற்கும் உள்ள வித்தியாசம் நுணுக்கமானது, ஒருமுறை சுவைத்தால் பிடிபடாது. கம்பு கொடுத்து இன்னும் பார்க்கவில்லை. சோளத் தாள் பாக்கி இருக்கிறது. வெங்காயத்தோடு ஒருமுறை, வெங்காயம் இல்லாமல் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது. அறிவியலில் அவசரப்படக் கூடாது அல்லவா?

நேற்றுப் பேராசிரியை, "ஸ்கொலாஸ்டிகா, உன்கிட்ட முடிவெல்லாம் தயாரா இருக்கு, ஏன் இன்னும் எழுதி முடிக்காம இருக்க? எப்பத்தான் பட்டம் வாங்கப்போற?" என்று கேட்டார்.

குலத்தில் ஒரு சிக்கல் என்று சொல்லியிருக்கிறேன்.

கன்சுவை இப்போதே தேய்க்க வேண்டாம்.

அன்பு மகள்,
ஸ்கொலாஸ்டிகா